வண்டி வாங்கியாகிவிட்டது, அப்புறம்?

முதல் பைக் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு மெக்கானிக் முன்னால் நிறுத்தினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வலது கைப்பிடி ஓரத்தில் இருந்த சிவப்புச் சுவிட்சைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார், செல்ஃப் போட்டார், வண்டி உடனே கிளம்பிவிட்டது. காசும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

கில் சுவிட்ச் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆபத்து நேரத்தில் இன்ஜினைச் சட்டென்று அணைப்பதற்காக வைத்திருப்பது அது. யாரோ போகிற போக்கில் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கார், பைக் இரண்டிலும் நிறையப் பழுதுகளைப் பார்த்தாயிற்று. பாதிக்கு மேல் இந்த ரகம்தான்: பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல் விட்டது. எங்கே பார்ப்பது, எதை நாமே செய்வது, எதில் கையே வைக்கக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். ஸ்பேனரையே தொட்டிராதவர்களுக்காக எழுதியது, தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பிரியுங்கள்

வண்டியோடு கொடுத்த கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறதா? அதை எடுத்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: டயர் காற்றழுத்தம், ஆயில் வகை, எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை. பழைய வண்டி வாங்கிக் கையேடு கிடைக்காவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் அதை இலவசமாகவே எடுக்கலாம்.

அட்டவணையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல கார்களின் கையேட்டில் சாதாரண ஓட்டம், கடுமையான ஓட்டம் என்று இரண்டு கணக்கு இருக்கும். கடுமையான ஓட்டம் என்றதும் மலையும் பாலைவனமும் நினைவுக்கு வரும். ஆனால் தூசி, ஊர்ந்து செல்லும் நெரிசல், இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குட்டிப் பயணங்கள் எல்லாமே அதில்தான் சேரும். நம்மில் பலர் அந்தக் கணக்கில்தான் வருவோம். அப்புறம், கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. வண்டி சும்மா நின்றாலும் ஆயில் பழசாகும்.

காற்று

காரின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். பைக்கில் அதைவிடக் குறைவு. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அந்த உள்ளங்கையை நம்பித்தான். காற்று குறைந்தால் டயர் சூடாகும், மைலேஜ் இறங்கும், பைக்காக இருந்தால் முன்பக்கம் கனத்துப்போய்த் திருப்பவே வராது.

எவ்வளவு காற்று என்பது காரில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எழுதியிருக்கும். பைக்கில் செயின் கவர் அல்லது அதன் பக்கத்தில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் வேறு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பது புதியவர்கள் அடிக்கடி செய்கிற தவறு.

டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காலையில், வண்டியை எடுக்கும் முன்னால் பார்த்தால் உத்தமம். ஓடி வந்த டயரில் காற்று விரிந்து அழுத்தம் சில பி.எஸ்.ஐ (காற்றழுத்தத்தின் அளவு) கூடுதலாகக் காட்டும்; அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். தேவைப்படும் நாளில்தான் அதிலும் காற்றில்லை என்று தெரியவரும்.

தேய்மானத்தைக் கண்ணாலேயே படிக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பார்க்க வேண்டும். டயர் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். கார் டயர்களில் அவை 1.6 மி.மீ. உயரம். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் இருப்பது நல்லது. வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டியில் டயர் தேயாமலே வெடிப்பு விட்டுக் கெட்டுப்போகும்.

ஆயில்: கொஞ்சம் விரிவாகவே

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய நேரம் வேண்டும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் குச்சி) உருவி, துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். முதல் தடவை உருவியதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் ஆயில் கண்டபடி ஒட்டியிருக்கும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் சரி.

பைக்கில் வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். சில பைக்குகளில் டிப்ஸ்டிக் திருகுமூடியோடு வரும். அவற்றில் பலவற்றில் திருகாமல் வெறுமனே வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேடு சொல்லும். இன்னும் சிலவற்றில் இன்ஜின் பக்கத்தில் வட்டக் கண்ணாடி இருக்கும், அதில் பார்த்தாலே போதும்.

குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, திரும்பத் திரும்ப அளந்து பாருங்கள். ‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. உள்ளே சுழலும் பாகம் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் காக்காது.

நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. டீசல் வண்டியில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கவலைப்பட வேண்டிய நிறம் வேறு: மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீரோ கூலன்டோ (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) கலந்திருக்கிறது. குட்டிப் பயணம் மட்டுமே போகும் வண்டியில் மூடிக்கடியில் லேசாக அப்படிப் படிவது வெறும் ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலேயே வெள்ளையாக வந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டப்பாவில் 10டபிள்யூ-30 என்று இருக்கிறதே, அதைப் புரிந்துகொள்வது எளிது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. ‘கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு’ என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் கெட்டி ஆயில் போக வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது.

இதில் பைக்காரர்கள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. வீட்டில் மிச்சம் இருக்கும் கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றுவது. பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஊறுகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான். அது வழுக்க ஆரம்பித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டருக்கு எம்பி வகை. ஸ்கூட்டரின் பின்சக்கரத்துப் பக்கம் தனியாகக் கியர் ஆயிலும் உண்டு. சர்வீஸில் அதை மாற்றினார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் விட்டுப்போகிறது.

செயின்

பைக்குக்கு மட்டும். முதலில் எச்சரிக்கை: இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவைத்துச் செயினைத் துடைக்காதீர்கள். அப்படித் துடைத்து விரல் இழந்தவர்கள் உண்டு. சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ தொட்டு, மென்மையான பிரஷால் அழுக்கை எடுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டாம். இப்போதைய பல செயின்களின் கண்ணிகளில் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, அவை பாழாகும். உலர்ந்ததும், கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் லூப் (செயினுக்கான மசகு) அடியுங்கள். சுழலும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். வண்டி ஓட்டிவிட்டு வந்த கையோடு, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அடித்து இரவு முழுக்க விட்டால் நன்றாக உள்ளிறங்கும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் உடனே. லூப் டயர் மேலோ டிஸ்க் மேலோ படாமல் அட்டை ஒன்றைப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொய்வைக் கீழ்ச்செயினின் நடுவில் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பல பைக்குகளில் 20 முதல் 30 மி.மீ. இருக்கலாம். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தொங்குகிறதே என்று கம்பி போல இறுக்கிவிடுவது இன்னும் மோசம். ஆள் உட்கார்ந்ததும் அது மேலும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்துக் கெடுக்கும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து முழு செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் நிலைக்காது.

பிரேக்

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல இறங்கினால் பல நேரம் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டால் அந்தத் தகவலை நாமே அழித்தது போலாகும். முதலில் பேடைப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் (பேடைத் தாங்கும் கவ்வி) இடுக்கில் டார்ச் அடித்தால் தெரியும். பேடின் தேயும் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற நாள் பாருங்கள். ஒரே நாளில் அளவு சட்டென்று இறங்கியிருந்தால் கசிவு. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல், பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறி. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே குமிழி கிளம்பினால், மிதி பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிகான். 5, 5.1 என்று பெயர் ஒத்திருக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பிரேக்கில் பார்ப்பது நம் வேலை. பிரிப்பது, பழகும் வரை, மெக்கானிக் வேலை.

வண்டி கிளம்பவில்லை

இதுதான் எல்லாரையும் பதறவைக்கிறது. பதறாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா?

சுற்றவே இல்லை என்றால் மின்சாரப் பக்கம். ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வந்தாலோ, டாஷ்போர்டு விளக்குகள் மங்கினாலோ பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை) தளர்ந்திருக்கிறது. டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், அதற்காகத்தான் இந்த வரிசை. வோல்ட் அளக்கும் சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் ஊகமே வேண்டாம்: நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் வந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, சார்ஜ் ஏற்றும் பாகத்தில் கோளாறு.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் ‘பி’ (பார்க்கிங்) அல்லது ‘என்’ (நியூட்ரல்) நிலையில் இருக்கிறதா? கிளட்ச் வண்டியில் கிளட்சை முழுக்க மிதித்தீர்களா? பைக்கில் சைடு ஸ்டாண்டு கீழே இருக்கிறதா? கில் சுவிட்ச்? சிரிக்காதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், தீப்பொறி, காற்று மூன்றில் ஒன்று குறைகிறது. முதலில் டேங்கை ஆட்டிப் பாருங்கள். கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோல் டேப் மூடியிருக்கலாம், ரிசர்வுக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் இன்ஜினில் பெட்ரோல் ஊறிவிட்டது. சோக் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி நாலைந்து முறை உதைத்தால் உலரும். இன்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள்: வெளிர்பழுப்பு என்றால் நலம், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஆயிலில் நனைந்திருந்தால் உள்ளே தேய்மானம். ஏர் ஃபில்டர் காகிதமென்றால் தட்டிச் சுத்தம் செய்யலாம், கழுவக் கூடாது. அடைத்திருந்தால் புதிது போடுங்கள்.

இன்னொரு காரிலிருந்து உயிர் கொடுப்பது

பேட்டரி இறங்கிய காரை இன்னொரு காரின் பேட்டரியோடு ஒயரால் இணைத்துக் கிளப்பும் முறை இது. இரண்டும் 12 வோல்ட் பேட்டரியாக இருக்க வேண்டும், கார்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் அணைந்திருக்க வேண்டும். வரிசை முக்கியம்:

1. சிவப்பு ஒயர், இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு ஒயர், நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை, இறந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி.

நான்காவதை நேராகப் பேட்டரியில் மாட்டாததற்குக் காரணம் உண்டு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கலாம். கடைசி முனையில்தான் பொறி பறக்கும். நல்ல காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் விட்டு, பிறகு மற்றதை முயலுங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கார் பேட்டரியிலிருந்து பைக்குக்கு எடுப்பதானால் காரின் இன்ஜின் ஓடவே கூடாது.

ஓடும்போது வரும் செய்திகள்

சிவப்பு விளக்கு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. சிவப்பு ஆயில் கேன் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் ‘அடுத்த முனை வரை’ என்றுகூடப் போகாதீர்கள், ஓரங்கட்டி அணையுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாத இன்ஜின் சில நிமிடத்தில் உள்ளே இறுகி நின்றுவிடும். மஞ்சள் இன்ஜின் விளக்கு சீராக எரிந்தால் மெதுவாகப் போய்க் காட்டலாம். அதுவே மின்னினால் எரியாத பெட்ரோல் வெளியேறிச் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) சுடுகிறது, வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள்.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோலோ டீசலோ அதிகம், விடாமல் அடர்ந்த வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவிதான்.

வெப்பமுள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஹீட்டர் இன்ஜின் சூட்டைத்தான் உள்ளே இழுக்கிறது. ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி கழன்ற நொடியில் கொதித்து முகத்தில் பாயும். ஆறிய பிறகு பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், பிறகு சரியான கூலன்ட் மாற்ற வேண்டும்.

டயர் மாற்றும்போது

சமமான, கெட்டியான தரை. கை பிரேக். எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல். ஜாக்கியால் தூக்கும் முன்னாலேயே நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாட்டும்போது ஒன்றுவிட்டு ஒன்று, எதிரெதிராக முடுக்கி, இறக்கிய பிறகு முழுப் பலத்தோடு இறுக்குங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். மெல்லிய ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஜாக்கி தாங்கும் வண்டிக்கடியில் கை, தலை எதுவும் போகக் கூடாது.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். ஆணி அங்கே இருக்கும் வரை காற்று மெல்லத்தான் இறங்கும், காற்றடித்துக்கொண்டு கடை வரை போய்விடலாம்.

கை வைக்கக் கூடாதவை, கடைக்குப் போனால் சொல்ல வேண்டியவை

ஏர்பேக் ஒயர்கள், ஹைபிரிட் மற்றும் மின்வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங். இந்த மூன்றும் பயிற்சி இல்லாத கைக்கு உயிரோடு விளையாட்டு. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் அடுத்துத் தீப்பிடிப்பது ஒயர்.

மெக்கானிக்கிடம் போய் ‘கிளட்ச் போயிருச்சுன்னு நினைக்கிறேன்’ என்று சொன்னால் அவர் கிளட்சைத்தான் பிரிப்பார், அதற்குத்தான் காசும் கேட்பார். ‘மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடுது, வேகம் கூடலை, சூடான பிறகுதான் இப்படி’ என்று சொல்லிப் பாருங்கள். எப்போது, எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா, எத்தனை நாளாக என்ற நான்கும் இருந்தால் நல்ல மெக்கானிக் பாதிக் கோளாறை வண்டியைத் தொடும் முன்னாலேயே சொல்லிவிடுவார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டிக்குள் ஒரு சின்ன நோட்டு போட்டு, என்ன மாற்றினோம், என்றைக்கு, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவையுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: கில் சுவிட்ச்.